ரிவர்ஸ் அண்ணாச்சி எழுதிய பரீட்சை

பம்பாய் மாநகரத்தில் ரிவர்ஸ் அண்ணாச்சி அளவுக்கு மோட்டார் வண்டி ஓட்டியவர் எவரும் கிடையாது என்று எந்தக் கோர்ட்டிலும் நான் சத்தியம் செய்வேன். பதினெட்டு வருஷம். டாக்ஸி, லாரி, வேன், ஒருமுறை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் கூண்டு வண்டி (உள்ளே கரடி இருந்ததா, வெறும் வைக்கோல்தானா என்பதில் இன்றுவரை அபிப்பிராய பேதம் உண்டு). இத்தனையும் ஓட்டியிருக்கிறார். ஒரே ஒரு குறை. எல்லாவற்றையும் பின்பக்கமாகவே ஓட்டியிருக்கிறார்.

விஷயம் இதுதான். குர்லாவில் அண்ணாச்சி வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், தீப்பெட்டியை நீளவாக்கில் வைத்தது போல இருக்கும். ரிப்பேருக்கு வருகிறவர்கள் வண்டியை மூக்கை முன்னால் விட்டு ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே திருப்ப இடம் கிடையாது. ரிப்பேர் முடிந்ததும் பின்னுக்கு எடுத்து கேட் வாசல்வரை கொண்டுவந்து விடுவது அண்ணாச்சியின் வேலை. கேட்டைத் தாண்டக் கூடாது. ஏனென்றால் அவரிடம் லைசென்ஸ் இல்லை. ஆக, பதினெட்டு வருஷத்தில் பல ஆயிரம் வண்டிகளைக் கையாண்ட அந்த மனிதர், ஒரு கஜம்கூட முன்னால் போனது கிடையாது.

இதனால் அவர் உடம்பிலேயே சில மாறுதல்கள் ஏற்பட்டிருந்தன. கழுத்து எப்போதும் வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பியிருக்கும். அவரோடு நேருக்கு நேர் பேச வேண்டுமானால் நாம் அவர் முதுகுப் பக்கம் போய் நிற்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் விடைபெறும்போது திரும்ப மாட்டார். "அப்பம் வாரேன்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாகவே நடந்து, வாசற்படியைத் துல்லியமாகத் தாண்டி, செருப்புக்குள் சரியாகக் கால்களை இறக்கிவிடுவார். அந்தக் காட்சியைக் காண்பதற்காகவே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் உண்டு.

நான் அப்போது மாதுங்காவில் ஒரு தேயிலை ஏஜென்சியில் குமாஸ்தா. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம். வயது இருபத்து மூன்று. அதாவது உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் பாக்கியில்லாத பருவம். எங்கள் ஆபீசுக்கு ஒரு கிழட்டு வேன் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது குர்லா ஒர்க்‌ஷாப்பில்தான் வாசம். அதை விடவும் கூட்டிவரவும் போய்ப் போய்த்தான் அண்ணாச்சி எனக்குப் பழக்கமானார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், குடியிருப்பது தாராவியில், வயது நாற்பதுக்கு மேல்.

ஒரு நாள் போனபோது அண்ணாச்சி ஒரு டயர் மேல் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். (அதாவது, முதுகை கேட்டுக்குக் காட்டிக்கொண்டு.)

"மொதலாளி எடத்த வித்துட்டாரு தம்பி. மாசக் கடைசியோட ஒர்க்‌ஷாப்ப மூடுதாரு. அவரு புனாவுக்குப் போறாரு. நான் தோல் கிட்டங்கிக்கு மூட்டை தூக்கப் போவணும்."

"ஏன் அண்ணாச்சி, வேற எடத்துல டிரைவராப் போகலாமே?"

"லைசென்ஸ் வச்சிருந்தா நான் ஏன் பதினெட்டு வருசமா பின்னாலயே போயிட்டிருக்கேன்?"

அந்த நேரத்தில் என் வாயில் சனி வந்து குந்திக்கொண்டது. எங்கள் வேன் டிரைவர் அதே மாசக் கடைசியில் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "மானேஜர்கிட்ட நான் பேசறேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

எங்கள் மானேஜர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். விபூதியும் டையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நன்னா ஓட்டுவானோ?"

"பிரமாதமா ஓட்டுவார் சார்." எந்தத் திசையில் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"லைசென்ஸ் இருக்கோன்னோ?"

"எடுத்துடுவார் சார்."

"மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸோட வந்தா வேலை அவனுக்கு. இல்லேன்னா என் ஒய்ஃபோட தம்பி ஒருத்தன் சும்மாத்தான் இருக்கான். அவனைப் போட்டுடுவேன். அப்புறம் என்னை வந்து நச்சரிக்கப்படாது, தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ஏறக்குறைய நாலு வாரம் இருந்தது.

லைசென்ஸ் ஆபீசில் இரண்டு கண்டங்கள். ஒன்று, வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். இன்னொன்று, சாலை விதிகளைப் பற்றிய பத்துக் கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுத வேண்டும். தாளில் இங்கிலீஷ், மராத்தி, இந்தி எல்லாம் இருக்கும். அண்ணாச்சிக்குத் தெரிந்த எழுத்து தமிழ் மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து அழைத்துவந்தால். ஆனால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம். இவர் வாயால் சொல்ல, அவர் கையால் எழுதலாம். அந்தக் கை யாருடையது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

விதிப் புத்தகம் ஒன்று வாங்கி, நாற்பது கேள்வி பதில்களை நானே தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அண்ணாச்சி மாதுங்காவில் என் அறைக்கு வந்து படிப்பார் என்று ஏற்பாடு.

படிப்பு பத்து நாள் மிக ஜோராக நடந்தது. பதினோராவது நாள் நான் பரீட்சை வைத்துப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நாற்சந்தியில யாருக்கு வழி விடணும்?"

"பதினஞ்சு மைல்."

"அது வேற கேள்விக்குப் பதில்."

"எந்தக் கேள்விக்கு?"

"எதிர ஊர்வலம் வந்தா எவ்வளவு வேகத்துல போகலாங்கற கேள்விக்கு."

"அப்பம் நீங்க அதைல்லா கேட்டிருக்கணும்?"

அடுத்த கேள்வி கேட்டேன். "முன்னால போற வண்டியை எந்தப் பக்கமா முந்தணும்?"

"ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு."

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. மனிதர் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். அதிலும் வலது பக்கத்தை மட்டும். நாற்பது பதில்களும் தலைகீழ்ப் பாடம். ஒரு கேள்வியைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி இப்படி?"

"கேள்விய அவங்கதான கேக்கப் போறாங்க? அத நான் எதுக்குப் படிக்கணும்? பதில் நம்ம சோலி. நம்ம சோலிய நாம முடிச்சாச்சு."

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் பி.ஏ. படித்தபோது இந்த நியாயம் எனக்குத் தோன்றியிருந்தால் இரண்டாம் வகுப்பாவது வாங்கியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது. பரீட்சைக்குப் பாக்கி இருந்தது ஏழே நாள். அடுத்த இரண்டு நாளும் அண்ணாச்சி எதைக் கேட்டாலும் முதலில் "பதினஞ்சு மைல்" என்றுதான் ஆரம்பித்தார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கும்கூட.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தம்பி, இது நோட்டுல இருந்தா நோட்டோடயே இருந்திரும். காலுக்கு எறங்கணும். ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அவர் வீடு இருந்த சந்தில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டால்தான் இன்னொருவர் எதிரே வர முடியும். அந்தச் சந்தை அண்ணாச்சி ராஜபாட்டையாக மாற்றி வைத்திருந்தார். முனையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. எல்லாரும் இடது பக்கமாகத்தான் நடக்க வேண்டும். திரும்புகிறவர்கள் கையை நீட்ட வேண்டும். நிற்கிறவர்கள் கையை உயர்த்த வேண்டும். மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ஒருவரின் வீடு ஆஸ்பத்திரி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே ஹாரன் கூடாது. மீன்காரம்மா தன் வியாபாரக் கூவலை அந்த வீட்டு வாசலில் விழுங்கி, நாலு வீடு தள்ளி மொத்தமாக வெளியே விட வேண்டியிருந்தது.

"இந்த மனுசன் ஒரு பரீட்ச எழுதப் போறாருன்னு சந்துக்கே சுளுக்குப் புடிச்சிருக்கு தம்பி" என்றார் அவர் மனைவி பொன்னம்மா அக்கா. இடுப்பில் தண்ணீர்க் குடம். சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டி, வட்டமாகச் சுழற்றி, முறைப்படி இடது பக்கம் வீட்டுக்குள் திரும்பினார்.

அந்தச் சந்தில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. குழாயடியிலிருந்து நிறைகுடத்தோடு வருகிறவர்களுக்குத்தான் வழி. காலிக் குடத்தோடு எதிரே போகிறவர்கள் பக்கத்து வீட்டு வாசலில் ஏறி ஒதுங்கி நிற்க வேண்டும். நான் காலிக் குடம்கூட இல்லாத வெறும் ஆள். அன்று காலை நான் நாலு வீடுகளுக்குள் ஒதுங்கினேன். ஒரு வீட்டில் முறுக்குக் கொடுத்தார்கள்.

இது வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு கேள்வியையும் அண்ணாச்சி சந்தில் ஓர் இடத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார். முந்துவதா? மீன்காரம்மாவை முந்துவது போல வலது பக்கமாக. அவளே வலது பக்கம் திரும்பக் கையை நீட்டினால்? அப்போது இடது பக்கமாகப் போகலாம். நாற்சந்தியா? குழாயடி. வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி. புதன்கிழமை கேட்டபோது நாற்பதில் முப்பத்தொன்பது சரியாகச் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் திடீரென்று, "பதினஞ்சு மைல்" என்றார். அந்த ஒரு பதினைந்து மைல் என் வயிற்றில் போய்த் தங்கிவிட்டது. அதன் விளைவைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. காலையில் வண்டி ஓட்டம். எங்கள் பழைய டிரைவர் அதற்குள் அண்ணாச்சியை நாலைந்து நாள் வேனில் உட்காரவைத்து முன்பக்கமாக ஓட்டப் பழக்கியிருந்தார். "முன்னால பாக்கக் கூச்சமா இருக்கு தம்பி, எல்லாரும் நம்ம மூஞ்சியப் பாக்காங்க" என்பதுதான் அண்ணாச்சியின் ஒரே புகார். மராத்திக்கார இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி, எடுத்த எடுப்பில், எல்லாரும் கோட்டைவிடும் இடமாகப் பார்த்து, "ரிவர்ஸ் லேவ்" என்றார். அவ்வளவுதான். வேன் பின்பக்கமாகக் கிளம்பியது. மைதானத்தை ஒரு சுற்று, இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே எட்டுப் போட்டு, ஒரு மாட்டை வளைத்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். "பஸ், பஸ், பாஸ்!" என்றார், போதும் போதும் என்ற அர்த்தத்தில். முன்பக்கம் ஓட்டிக்காட்டச் சொல்லவே இல்லை.

பாக்கி, எழுத்துப் பரீட்சை. நீள மேஜை. ஒரு பக்கம் அண்ணாச்சி, பக்கத்தில் நான், எதிரே இன்ஸ்பெக்டர். அவர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "யே ஜோ போலேகா, வோஹீ லிக்னா." இவர் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும். நான் பி.ஏ. பாணியில் தலையசைத்தேன். இன்ஸ்பெக்டர் வேறு தாள்களைத் திருத்தக் குனிந்துகொண்டார்.

முதல் இரண்டு கேள்விகள் சுமுகமாகப் போயின. மூன்றாவது: ஊர்வலம் எதிரே வந்தால் என்ன செய்வீர்கள்? தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

"பதினஞ்சு மைலுக்கு மேல போவக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

ஆரம்பித்துவிட்டார்! இன்னும் ஏழு கேள்விக்கும் இதே பதிலைத்தான் சொல்லப் போகிறார். பதற்றத்தில், அந்தப் பதினைந்து மைலின் சொந்தக் கேள்வியே இதுதான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு நாகரிகமான மனிதன் ஊர்வலத்தைக் கண்டால் என்ன செய்வான் என்று யோசித்தேன். எழுதினேன்: 'வண்டியை நிறுத்தி, ஊர்வலம் முழுவதும் கடந்து செல்லும்வரை மரியாதையுடன் காத்திருப்பேன்.' நல்ல இங்கிலீஷ். இப்போது நினைத்தாலும் நடையில் குறை சொல்ல முடியாது.

திருத்தும் கை ஒருமுறை ருசி கண்டால் நிற்காது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் சந்தித்தால் யாருக்கு வழி? "ஏறுத வண்டிக்கு" என்றார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இறங்குகிற வண்டியை நிறுத்துவது எவ்வளவு சிரமம்! பகுத்தறிவைப் பயன்படுத்தி, இறங்குகிற வண்டிக்கே வழி என்று எழுதினேன். டிராமை எந்தப் பக்கமாக முந்தலாம்? "ரெண்டு பக்கமாவும்" என்றார். அப்படியும் ஓர் ஒழுங்கீனம் உண்டா? வலது பக்கம் மட்டும் என்று மாற்றினேன். முன்னால் போகிறவன் வலது பக்கம் திரும்பக் கை காட்டினால்? "எடது பக்கமாப் போவலாம்." நான் எழுதியது: 'ஒருபோதும் கூடாது.' இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன்.

நாற்பது கேள்வி பதிலையும் என் கையாலேயே தமிழில் எழுதியவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். எழுதினேனே தவிர, படிக்கவில்லை. படித்தது அவர். அதுவும் தவிர, நான் அதுவரை ஓட்டியிருந்த ஒரே வாகனம் என் சித்தப்பாவின் சைக்கிள்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிச் சிவப்புப் பென்சிலால் வரிசையாகத் தட்டினார். நாலு பெருக்கல் குறி. பத்துக்கு ஆறு. ஏழு வாங்கினால்தான் பாஸ்.

"ஃபெயில்" என்று சொல்லிவிட்டு, தப்பான பதில்களை ஒவ்வொன்றாக இந்தியில் வாசித்தார். மரியாதையுடன் காத்திருப்பேன். இறங்குகிற வண்டிக்கு வழி. டிராமுக்கு வலது பக்கம். ஒருபோதும் கூடாது.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்து முதன்முறையாக இடது பக்கம் திரும்பியதை அன்றுதான் கண்டேன்.

இன்ஸ்பெக்டர் சாமானியர் அல்ல. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலை என் பக்கம் நீட்டி, அண்ணாச்சியிடம் கேட்டார்: "தும்னே போலா, கி இஸ்னே அப்னே மன்ஸே லிகா?" நீ சொன்னதா, இல்லை இவனாக இட்டுக்கட்டி எழுதினதா?

பரீட்சையில் கள்ளத்தனமாக மாற்றி எழுதுகிற ஆளைப் போலீசில் கொடுப்பார்கள் என்று வாசல் பெஞ்சில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தாள் செல்லாது என்றாகும், இன்னொரு தாள் கொடுப்பார்கள், அன்றைக்கே எழுதி பாஸாகிவிடலாம். நான் என்ன ஆவேன் என்பதுதான் கேள்வி.

"மைனே போலா சாப்" என்றார் அண்ணாச்சி. "இவரு மேல தப்பில்ல. நான்தான் சொன்னேன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை வா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மாசக் கடைசி. இன்னும் ஒரே ஒரு தடவை. அதிலும் போனால் மானேஜரின் மைத்துனன் வேனில் உட்காருவான், அண்ணாச்சி தோல் மூட்டைக்குக் கீழே போவார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல ஒரு டீ குடிப்பம்" என்றார் அவர். டீ குடித்தோம். அப்புறம் அவருக்குக் குர்லா பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழு மன்னிப்பையும் மனப்பாடம் செய்துகொண்டு தாராவிக்குப் போனேன். சந்து பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மீன்காரம்மா ஆஸ்பத்திரி வாசலில் முழுத் தொண்டையில் கூவிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னம்மா அக்கா வெளியே வந்துவிட்டார்.

"வாங்க தம்பி. உக்காருங்க. எப்படி வாடிப் போயிட்டிய பாருங்க. படிச்ச புள்ள ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்து கை வலிக்க எழுதிக் குடுத்திருக்கு, இந்த மனுசன் என்னத்தையோ ஒளறிவச்சிருக்காரு! ஊர்வலம் வந்தா மரியாதையா நிப்பாராம்லா, மரியாத! பொண்டாட்டி வந்தா நிக்காதவரு!"

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, ஒளறிட்டேன்" என்றார்.

"மூட்ட தூக்கப் போனாத்தான் புத்தி வரும் ஒங்களுக்கு. நீங்க காப்பி குடிங்க தம்பி."

குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காப்பியை அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை.

அக்கா உள்ளே போனதும், "அண்ணாச்சி, அந்தப் பதில்..." என்று ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கெழம லீவு கெடைக்கும்லா?"

"நான் வேண்டாம் அண்ணாச்சி. என் ரூம்ல கெமிஸ்ட்ரி படிச்சவர் ஒருத்தர் இருக்கார். நிதானமான மனுஷர். அவரைக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்கதான் வரணும்." "ஒண்ணே ஒண்ணு தம்பி. நான் சொல்லுதத எழுதுங்க. தப்பாவே இருக்கட்டும். என் தப்பா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே மேஜை. அதே இன்ஸ்பெக்டர், இந்தத் தடவை கண்ணை என் பேனா மேலேயே வைத்திருந்தார். நான் கேள்வியைச் சொன்னேன், அண்ணாச்சி பதிலைச் சொன்னார், என் கை ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டு இடங்களில் அவர் சொன்னது தப்பு என்று பி.ஏ. பட்டம் உள்ளே கதறியது. வாயைப் பொத்தி உட்காரவைத்தேன்.

எட்டாவது கேள்வி. ஒரே ஒரு வண்டி போகக்கூடிய ஒடுக்கமான பாலம். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வருகின்றன. யார் வழிவிட வேண்டும்?

அண்ணாச்சி கண்ணை மூடினார். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

"நெறகொடத்துக்குத்தான் வழி. வெறுங்கொடம் ஒதுங்கி நிக்கணும்."

என் பேனா நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு பாலத்தின் மேல் நிற்பதற்குப் பதிலாகத் தன் சந்தில் நிற்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'முதலில் பாலத்தில் ஏறியவருக்கு வழி' என்பது புத்தகப் பதில். இந்தத் தடவை நான் புத்தகத்தை உண்மையாகவே படித்திருந்தேன். ஐந்தாறு இங்கிலீஷ் வார்த்தைகள்தான். கை துடித்தது.

எழுதினேன். நிறைகுடத்துக்கு வழி. காலிக் குடம் ஒதுங்க வேண்டும்.

சிவப்புப் பென்சில் தாளின் மேல் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சரி. ஐந்தாவது தப்பு. ஆறு சரி. ஏழாவது தப்பு. எட்டாவதில் பென்சில் அப்படியே நின்றது. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"யே ஹண்டா கஹாங்ஸே ஆயா?" பாலத்துக்கு நடுவே குடம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். என்ன சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வேறு வழியில்லாமல், எழுந்து நின்று, தன் சந்தையும் குழாயையும் குடங்களையும் பற்றிப் பம்பாய் இந்தியில் விவரித்தார். நிறைகுடத்தோடு வருகிறவள் நின்றால் தண்ணீர் தளும்பிப் போகும், காலிக் குடம் நின்றால் ஒன்றும் நஷ்டமில்லை, அதனால் லோடு ஏற்றிய வண்டிக்கே வழி என்று வாதாடினார். பேச்சு வேகத்தில் கையை வட்டமாகச் சுழற்றி இடது பக்கம் திரும்பியும் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவரும் எங்கேயோ சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் நாலு குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்று வாழ்கிறவராகத்தான் இருக்க வேண்டும்.

"ஹமாரே இதர் தோ காலிவாலா பீ நஹீ ஹட்தா" என்று பெருமூச்சு விட்டார். எங்கள் இடத்தில் காலிக் குடக்காரர்கள்கூட ஒதுங்குவதில்லை அப்பா என்று அர்த்தம்.

அப்புறம், "பதில் நியாயமானது, ஆனால் புத்தகத்தில் இல்லை" என்று சொல்லி, சுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார். மூன்று தப்பு ஆகிவிட்டது. ஒன்பதாவது சரி. பென்சில் பத்தாவதுக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. பத்தாவது, பதினைந்து மைல்.

சரி.

பத்துக்கு ஏழு.

அண்ணாச்சி அதன் பிறகு எங்கள் வேனைப் பதினோரு வருஷம் ஓட்டினார். சயானிலிருந்து செம்பூர்வரை அவர் தேயிலை இறக்காத கடை கிடையாது. மைத்துனனுக்கு மானேஜர் கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். அந்த நாற்காலி என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை ஏன் ஃபெயிலானார் என்று மானேஜர் கேட்டபோது, "பயத்துல ஒளறிட்டேன் சார்" என்றார். டிரைவர்கள் கேலி செய்தபோதும் அதையேதான் சொன்னார். வருஷா வருஷம் தீபாவளிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, பொன்னம்மா அக்கா அந்த ஊர்வலக் கதையை என் எதிரிலேயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டு, என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொல்வார். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் போவேன். ஒவ்வொரு வருஷமும் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது அவர் இல்லை. அக்காவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அக்கா, அன்றைக்கு உளறியது அவர் இல்லை, நான். அவர் அன்று சொன்னது பத்துக்குப் பத்தும் சரி. ஒரே ஒரு தடவையாவது அந்த மனுஷர் என்னைத் திட்டியிருக்கலாம்.